சதை துடிக்கிறது, நரம்பு டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 32. நைட் ஷிஃப்ட் வேலை. இரண்டு மாதமாக ஆடுசதை துடிக்கிறது. அப்புறம் கண் இமை, கட்டைவிரல், முதுகு என்று இடம் மாறி மாறி வருகிறது. இணையத்தில் தேடியபோது மோட்டார் நியூரான் நோய் என்று பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. நியூராலஜிஸ்ட் பரிசோதித்துவிட்டு, "பலமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். நான் வற்புறுத்திக் கேட்டதால் என்.சி.எஸ்., இ.எம்.ஜி. டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். ஊசி குத்துவார்களாமே? நார்மல் என்று வந்தால் அதை நம்பலாமா? பயத்தில் ஜிம்முக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஓசூர்

பதில்: டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை. ஆனால் அதற்குப் போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதியை அந்த டாக்டர் கையாலேயே பார்த்துச் சொல்லிவிட்டார். "பலம் நன்றாக இருக்கிறது" என்று அவர் சொன்னது சமாதானப் பேச்சு அல்ல, அதுவும் ஒரு பரிசோதனை முடிவுதான்.

சதை ஏன் துடிக்கிறது? தசையை இயக்கும் நரம்பு இழை ஒன்று, நாம் உத்தரவிடாமலேயே தானாக ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. அந்த இழையோடு சேர்ந்த தசைநார்கள் மொத்தமும் ஒரு கணம் சுருங்கி விரிகின்றன. நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் இது நடக்கும். அமெரிக்காவில் மருத்துவத் துறையில் இருந்தவர்களையே விசாரித்து 1963இல் வெளியான ஆய்வில், சுமார் 70 சதவீதம் பேர் தங்களுக்கும் ஏதோ ஒரு விதத்தில் சதை துடித்ததுண்டு என்றார்கள். தூக்கக் குறைவு, அதிகப்படியான டீ காபி, கடுமையான உடற்பயிற்சி, மனப் பதற்றம் எல்லாமே இதைக் கூட்டும். நைட் ஷிஃப்ட்டில் இருக்கும் உங்களுக்கு இவற்றில் எத்தனை பொருந்துகிறது என்று நீங்களே பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தத்தில் கால்சியமோ மக்னீசியமோ குறைந்தாலும், ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்பியூட்டமால் போன்ற மருந்துகளாலும் துடிப்பு வரலாம். ரத்தப் பரிசோதனையில் இவற்றைப் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். பாதரசம் போன்ற உலோகங்கள் சேர்ந்த நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டு வந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பாதரசத்தால் நரம்புகள் தூண்டப்பட்டு, உடம்பு முழுக்கச் சதை துடிக்கும் நிலை சிலருக்கு வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு.

நீங்கள் பயப்படும் மோட்டார் நியூரான் நோய், தசையை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல அழியும் நோய். அதன் முகம் வேறு. அதில் முன்னால் நிற்பது பலவீனம். செருப்பு காலை விட்டு நழுவும், சட்டைப் பொத்தானைப் போட வராது, பூட்டில் சாவியைத் திருப்ப முடியாது, பேச்சு குழறும், தண்ணீர் குடித்தால் புரையேறும். பெரும்பாலும் ஓரிடத்தில் தொடங்கி மெதுவாகப் பக்கத்துக்குப் பரவும். "கால் பலமில்லாத மாதிரி இருக்கிறது" என்பதும், "குதிகாலை ஊன்றி நடக்க முடியவில்லை" என்பதும் ஒன்றல்ல. முன்னது களைப்பிலும் பயத்திலும் எல்லோருக்கும் வரும். பின்னதைத்தான் நாங்கள் தேடுகிறோம். பலம் குறையாமல் இன்றைக்கு இமை, நாளைக்கு முதுகு என்று இடம் மாறித் தாவும் துடிப்பு, பெரும்பாலும் தீங்கில்லாத வகைதான்.

தேடும்போது "மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்" என்ற பெயரும் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். இளவயதினருக்கு வருவது, அதுவும் நம் ஊர்ப் பெயரில், என்றால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். 1970இல் சென்னை மருத்துவர்கள் விவரித்த, அரிதான நோய் அது. கை கால் மெலிவது, முகத் தசையும் நாக்கும் பலவீனமாவது, காது கேட்பது குறைவது என்பவைதான் அதன் அடையாளங்கள். வெறும் துடிப்பை வைத்து யாரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள்.

இனி டெஸ்ட். முதலில் நடப்பது என்.சி.எஸ். கை கால்களில் சின்ன உலோகத் தகடுகளை ஒட்டி, நரம்பு ஓடும் வழியில் லேசான மின்னதிர்ச்சி கொடுப்பார்கள். சுரீர் என்று இருக்கும், விரல் தானாகத் துள்ளும், அவ்வளவுதான். நரம்பில் செய்தி என்ன வேகத்தில் போகிறது என்று கருவி கணக்கிடும். கையில் நொடிக்கு 50 மீட்டரும் அதற்கு மேலும் இருப்பது வழக்கம். கை கால் சில்லிட்டுப் போனால் இந்த வேகம் குறைவாகக் காட்டும். ஏ.சி. அறையில் வெகுநேரம் காத்திருந்து கை ஜில்லென்று ஆகிவிட்டால் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள், சூடேற்றிவிட்டுத்தான் பார்ப்பார்கள்.

அடுத்தது இ.எம்.ஜி. உங்கள் கவலைக்கு விடை இருப்பது இதில்தான். மெல்லிய ஊசி ஒன்றைத் தசைக்குள் செலுத்துவார்கள். மருந்து எதுவும் உள்ளே போகாது. அந்த ஊசி தசைக்குள் நடக்கும் மின்சாரத்தைக் கேட்கும் காது. ஒருவருக்குப் பயன்படுத்தியதை இன்னொருவருக்குப் பயன்படுத்தமாட்டார்கள். ஊசி நுழையும்போது ஸ்பீக்கரில் சடசடவென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டு மிரளாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான். தசையைத் தளர்த்தி வைத்ததும் சத்தம் அடங்கிவிட வேண்டும். நரம்புத் தொடர்பை இழந்த தசைநார்கள் இருந்தால், தளர்ந்த நிலையிலும் விடாமல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்புறம் காலை மடக்கு, விரலை விரி என்பார்கள். அப்போது தசையின் அலகுகள் எத்தனை வேலைக்கு வருகின்றன, எந்த வடிவில் வருகின்றன என்று திரையில் பார்ப்பார்கள். ஆடுசதை, தொடை, முன்கை, கட்டைவிரல் பக்கத்துத் தசை என்று பல இடங்களில் குத்த வேண்டியிருக்கும். வலி உண்டு, பொறுக்கக்கூடிய வலி. இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரம் வரை ஆகலாம்.

பட்டினியாகப் போகத் தேவையில்லை. அன்று உடம்பில் எண்ணெய், க்ரீம் எதுவும் பூசாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தசை பாதிப்பைக் காட்டும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையும் எழுதியிருந்தால் அதை முதலில் கொடுத்துவிடுங்கள், ஊசி குத்திய பிறகு அந்த அளவு ஏறிக் காட்டக்கூடும்.

ரிப்போர்ட்டில் "ஃபாசிகுலேஷன்" என்ற சொல் இருக்கலாம். அதைப் பார்த்ததும் இடிந்துபோகாதீர்கள். துடிக்கிறது என்று நீங்கள் சொன்னதைக் கருவியும் பதிவு செய்திருக்கிறது, அவ்வளவுதான். நரம்பிழப்பின் அறிகுறிகள் கூட இருக்கின்றனவா என்பதே கேள்வி. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், தீங்கில்லாத துடிப்பு என்று சொல்லி அனுப்பிய 121 பேரை 2 முதல் 32 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து, 1993இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்குக்கூட மோட்டார் நியூரான் நோய் வரவில்லை. துடிப்பு முதலில் வந்து பலவீனம் பின்னால் தெரிந்த நோயாளிகள் அறவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உண்டு, மிக மிக அரிது. அவர்களுக்கும் பெரும்பாலும் சில மாதங்களில் பலவீனம் வெளிப்பட்டுவிடும். அதனால் நான்கைந்து மாதம் கழித்து அதே டாக்டரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். அவர் கையால் பார்த்துச் சரி என்றால் டெஸ்ட்டைத் திரும்ப எடுக்காதீர்கள். எடுக்க எடுக்க மணிக்கட்டில் ஒரு நரம்பு லேசாக அழுந்தியிருக்கிறது, இடுப்பில் ஒன்று அழுந்தியிருக்கிறது என்று சம்பந்தமில்லாத ஏதாவது வரும். அதைப் பிடித்துக்கொண்டு புதிய பயம் ஒன்று கிளம்பும்.

அந்தப் பயத்தைப் பற்றித்தான் எனக்கு உண்மையான அக்கறை. தினமும் கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்க்கிறீர்களா? நீட்டிய நாக்கு யாருக்கும் நடுங்கும். நாக்கு வாய்க்குள் ஓய்வாக இருக்கும்போதுதான் நாங்கள் துடிப்பைத் தேடுவோம். இரண்டு ஆடுசதையையும் டேப் வைத்து அளக்கிறீர்களா? பலம் இருக்கிறதா என்று நுனிக்காலில் நடந்து நடந்து பார்க்கிறீர்களா? அதனாலேயே சதை களைத்துப்போய் இன்னும் துடிக்கும். இப்படிச் சோதிப்பதும், இணையத்தில் தேடுவதும் பத்து நிமிட நிம்மதிதான் தரும். மறுபடி சோதிக்கத் தோன்றும். இது உங்கள் பலவீனமோ கற்பனையோ அல்ல, சிகிச்சை உள்ள ஒரு நிலை. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இதற்கு நன்றாகவே பலன் தருகிறது, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. டெஸ்ட் முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் மனநல மருத்துவரையும் இப்போதே பாருங்கள். இரவில் பதற்றம் தாங்க முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வாரம் ஒரு "நரம்பு ஊசி", அதாவது பி12 வைட்டமின் ஊசி, போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பி12 குறைவு ரத்தத்தில் உறுதியானால் மட்டும் அது தேவை. பி6 மாத்திரையை அதிக அளவில் நெடுநாள் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

கைகால் மெலிவு, மேலே சொன்னது போன்ற உண்மையான பலவீனம், பேச்சுக் குழறல், விழுங்குவதில் சிரமம், இவற்றில் ஏதேனும் வந்தால் தாமதிக்காமல் நியூராலஜிஸ்ட்டிடம் போங்கள். அதுவரை துடிப்பு கூடியது, குறைந்தது என்று கணக்கு வைக்க வேண்டாம்.

ஜிம்முக்குத் தாராளமாகப் போகலாம். டெஸ்ட் எடுத்த மறுநாள் குத்திய இடம் வலித்தால் ஓரிரு நாள் பொறுத்துப் போங்கள். முதல் வாரம் பாதி எடையில் ஆரம்பியுங்கள். பயிற்சிக்கு முன் குடிக்கும் ப்ரீ வொர்க்அவுட் பவுடர் ஏதாவது பழக்கம் இருந்தால் டப்பாவில் கஃபீன் அளவைப் பாருங்கள். பல பவுடர்களில் ஒரு ஸ்கூப்பிலேயே இரண்டு மூன்று காபிக்குச் சமமான கஃபீன் இருக்கிறது. அதை மட்டும் நிறுத்திவிடுங்கள்.