யார் ஜெயிப்பார்? எண்கோணக் கூண்டுக் கேள்விகள்

கேள்வி: யூஎஃப்சி (கூண்டுக்குள் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து நடக்கும் சண்டைப் போட்டி) முடிவைக் கணிக்கும்போது, நாக் அவுட் (எதிராளியை அடித்து வீழ்த்திய வெற்றி) அதிகம் வைத்திருப்பவரையே எப்போதும் தேர்ந்தெடுக்கிறேன். பாதிக்குப் பாதி தவறிவிடுகிறது. எங்கே பிசகு? (வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: யாருக்குக் கைபலம் என்று பார்க்கிறீர்கள். சண்டை எங்கே நடக்கும், அதை யார் தீர்மானிப்பார் என்று பாருங்கள். நின்றபடியா, வேலியோரமா, தரையிலா?

2022 ஜனவரியில் பிரான்சிஸ் எங்கானூவும் பிரெஞ்சு வீரர் சிரில் கானும் மோதியபோது எல்லோரும் எங்கானூவின் குத்துக்காகவே காத்திருந்தார்கள். முதல் இரண்டு ரவுண்டுகள் கானின் பக்கம். மூன்றாவதிலிருந்து எங்கானூ அவரைத் தூக்கித் தரையில் போட ஆரம்பித்தார். ஐந்தாவதில் கானுக்கே தரையில் எதிராளியின் மேலே இருக்கும் நிலை கிடைத்தது. அங்கேயே அழுத்தியிருந்தால் போதும். குதிகாலைப் பூட்ட ஆசைப்பட்டு அந்த இடத்தை விட்டார், எங்கானூ மேலே ஏறிக்கொண்டார். மூன்று ஜட்ஜ்களும் எங்கானூவுக்கே கொடுத்தார்கள். தரையில் கானுக்கு இருந்த குறை அன்றே ஊரறியத் தெரிந்துவிட்டது. 2023 மார்ச்சில் ஜான் ஜோன்ஸ் அவரை வேலியோரம் உட்காரவைத்து, கழுத்தைப் பூட்டி, 2 நிமிடம் 4 விநாடியில் முடித்தார்.

அடுத்த கார்டுக்கு (ஒரே நிகழ்ச்சியில் நடக்கும் சண்டைகளின் வரிசை) முன் ஒவ்வொருவரும் தோற்ற சண்டை ஒன்றையாவது தேடிப் பாருங்கள். வெற்றித் தொகுப்பு வீடியோக்கள் கணிப்புக்கு உதவாது.

கேள்வி: சித்தப்பா குடும்பம் பிரான்சில் இருக்கிறது. பாரிஸ் கார்டு என்றால் எங்கள் வீடே பிரெஞ்சு வீரர் பக்கம். சொந்த ஊர்ச் சாதகத்தைக் கணக்கில் சேர்க்கலாமா? (வாசகி, குருசுக்குப்பம்)

பதில்: கொஞ்சம் சேர்க்கலாம். 2022 செப்டம்பரில் யூஎஃப்சி முதன்முறை பாரிஸ் போனபோது, இரண்டாவது ரவுண்டில் அடி வாங்கி விழுந்த கான், மூன்றாவதில் டை டுய்வாசாவை வீழ்த்தினார். அரங்கமே எழுந்து நின்ற இரவு அது. ஆனால் கூட்டத்தைவிட ஊரின் உயரத்தை நான் பெரிதாக எடுப்பேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள மெக்சிகோ சிட்டியில், 2015-இல், சளைக்காத மூச்சுக்குப் பெயர்பெற்ற கெய்ன் வெலாஸ்கெஸ் மூச்சுவாங்கித் தோற்றார். அவரை வென்ற ஃபாப்ரிசியோ வெர்டூம் பல வாரங்கள் முன்பே போய் உயரத்தில் பயிற்சி எடுத்திருந்தார். யார் எப்போது அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதை அவசியம் விசாரியுங்கள்.

கேள்வி: கணிப்பை எப்போது இறுதி செய்வது? (வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: அமெரிக்கக் கார்டு நமக்கு ஞாயிறு காலை. எடை பார்ப்பது பெரும்பாலும் வெள்ளி இரவு. அதுவரை பொறுங்கள். தராசில் ஏறும்போது கால் தள்ளாடுகிறதா, கன்னம் ஒட்டிப்போயிருக்கிறதா என்று கவனியுங்கள். உடம்பில் நீரை வற்றவைத்து எடையைக் குறைத்தவருக்கு மூன்றாவது ரவுண்டில் அதன் விலை தெரியும்.

கேள்வி: பணம் கட்டி விளையாடலாமா?

பதில்: வேண்டாம். பணம் கட்டும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. நண்பர்களோடு ஒரு நோட்டில் எழுதிவைத்துப் புள்ளி போடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கபடி வீரர்கள் இந்தக் கூண்டில் தாக்குப்பிடிப்பார்களா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: தொடைப்பிடி போடத் தெரிந்தவருக்கு டேக்டவுனின் (எதிராளியைத் தரையில் வீழ்த்துவது) முதல் பாதி கைவசம். ஆனால் கபடியில் பிடித்ததும் ஆட்டம் நிற்கிறது, இங்கே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தரை வேலையைத் தனியாகக் கற்க வேண்டும். வூஷூ என்ற சீனத் தற்காப்புக் கலையிலிருந்து வந்த பூஜா தோமர் அப்படிப் படிப்படியாகக் கற்று, 2024 ஜூனில் யூஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். உங்கள் ஊர்ப் பிள்ளைகளில் யாராவது ஜூடோவோ மல்யுத்தமோ சேர்த்துப் பழகினால் எனக்கு எழுதுங்கள், ஆசையோடு கேட்பேன்.