பழைய கல்பாலத்துக்குச் சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: சேர்வராயன் மலையடிவாரத்தில், பழைய பட்டாளச் சாலையில் ஒற்றை வளைவுக் கல்பாலம் இருக்கிறது. அடிப்பக்கம் வெள்ளையாக வழிந்திருக்கிறது, இடுக்கில் ஆலஞ்செடி. ஊரார் சேர்ந்து சிமெண்ட் பூசிவிடலாமா?

பதில்: பூசவே வேண்டாம். அந்த வெள்ளை, பாலத்தின் உள்ளிருந்து கரைந்து வரும் சுண்ணாம்பு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே கல்பாலங்கள் சுண்ணாம்புச் சாந்தில்தான் எழுந்தன. மேலே பெய்யும் மழை, வளைவுக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள நிரப்பு மண்ணில் ஊறி, அந்தச் சாந்தைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அடியில் சிமெண்டால் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். சாந்து தொடர்ந்து கரையும், கண்ணுக்குத்தான் தெரியாது. சேர்வராயன் மலையின் சார்னோகைட் கல் லேசில் கெடாது. கெடுவது கற்களுக்கு நடுவில் இருக்கும் சாந்துதான்.

ஆகவே வேலை மேலிருந்து தொடங்க வேண்டும். சாலை யாருடையதோ, பஞ்சாயத்தோ நெடுஞ்சாலைத் துறையோ, அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறகு பாலத்தின் மேல் பள்ளங்களை நிரப்பி, தண்ணீர் இருபுறமும் ஓடிவிடும்படி சரிவு கொடுங்கள். கைப்பிடிச் சுவரில் அடைபட்ட வடிகால் துளைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள். பாதி நோய் இதிலேயே தீரும்.

ஆலஞ்செடியைப் பிடுங்காதீர்கள், வேரோடு வளைவுக் கல்லும் வரும். அடியோடு அறுத்து, வெட்டுப்பரப்பில் மட்டும் களைக்கொல்லியைத் தூரிகையால் தடவ வேண்டும். கீழே ஓடை என்பதால் எதை, எப்படி என்று வேளாண் அலுவலரைக் கேட்டுச் செய்யுங்கள். வேர் பட்டுப்போன பிறகே இடுக்கைத் தொடலாம்.

உதிர்ந்த சாந்தைக் கையுளியால் சுரண்டுங்கள். கிரைண்டர் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். ஆழம், இடுக்கின் அகலத்தைப் போல் இரு மடங்கு. 25 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. கழுவி, ஈரமாக இருக்கும்போதே நிரப்புங்கள். ஈரமான இடத்துக்கு ஏற்ற கலவை: நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சுர்க்கி (செங்கல் தூள்) 1, கழுவிய மணல் 2. அகன்ற இடுக்கில் கற்சில்லுகளைச் செருகி அடையுங்கள். சாந்து மட்டும் தடிமனாக இருந்தால் வெடிக்கும். பத்து நாளாவது ஈரச்சாக்கு மூடியிருக்கட்டும். வெயிலில் சட்டென்று காய்ந்த சுண்ணாம்பு இறுகாது, மாவாக உதிரும். மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி இதற்குத் தோதான மாதங்கள்.

வெள்ளையைவிட எங்களுக்குக் கவலை அடித்தளம்தான். கல்பாலங்களை வீழ்த்துவதில் வெள்ள அரிப்புக்குப் பெரிய பங்குண்டு. ஓடை வற்றியதும் இருபுற அடிச்சுவர் ஓரமும் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். கடப்பாரை கல்லுக்கு அடியில் புகுந்தாலோ, வளைவின் நடுக்கல் இறங்கியிருந்தாலோ, அன்றே வண்டிகளை நிறுத்திவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். அதுவரை மணல் லாரி ஏறக்கூடாது.