ஆறுதலுக்கு என்ன அவசரம்?

கேள்வி: கிறிஸ்தவர்கள் எடுக்கும் படங்களையும் எழுதும் கதைகளையும் எப்போதும் குறை சொல்கிறீர்கள். நோக்கம் நல்லதாக இருந்தால் போதாதா? மனதுக்கு ஆறுதல் தருவது ஒரு குற்றமா?

பதில்: போதாது. இசையமைப்பாளர் பாக் தன் இசைப் பிரதிகளின் கடைசியில் ‘இறைவனுக்கே மகிமை’ என்பதன் மூன்று லத்தீன் முதலெழுத்துகளைப் போடுவார். அதற்கு முந்தைய பக்கங்கள் அடித்தலும் திருத்தலுமாகக் கிடக்கும். நோக்கத்தைப் பற்றி இவ்வளவுதான்.

ஆறுதல் என்றீர்களே, அதற்கு வருகிறேன். இன்றைய பிரான்சில் இருக்கும் ஐசன்ஹைமில் வனத்து அந்தோணியார் பெயரில் ஒரு மடம் இருந்தது, கூடவே மருத்துவமனையும். அங்கே வந்து கிடந்தவர்களில் பலருக்கு ‘அந்தோணியார் நெருப்பு’ என்று அந்தக் காலத்தில் சொன்ன நோய். ரை தானியத்தில் பிடிக்கும் பூஞ்சையால் வருவது. அந்த மாவில் சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டவர்களுக்குக் கை கால் எரியும், கறுத்து அழுகும், கடைசியில் வெட்டி எடுக்க வேண்டிவரும். 1512-க்கும் 1516-க்கும் இடையில் ஜெர்மன் ஓவியர் குரூனேவால்ட் அந்த மடத்துப் பீடத்துக்கு வரைந்த சிலுவைக் காட்சியில் இயேசுவின் உடம்பெல்லாம் புண். தோல் பச்சை பாரித்திருக்கிறது, விரல்கள் விறைத்து விரிந்திருக்கின்றன. நோயாளிகளை அந்தப் படத்துக்கு முன்னால்தான் கொண்டுவந்தார்கள். தன் உடம்பில் இருப்பது அவர் உடம்பிலும் இருக்கிறதே என்று பார்த்தவனுக்குக் கிடைத்தது இருக்கிறதே, அதைத்தான் நான் ஆறுதல் என்பேன்.

அதே பீடத்தின் இன்னொரு பலகையில் பிசாசுகள் அந்தோணியாரைப் போட்டு அடிக்கின்றன. கீழே மூலையில் ஒரு காகிதத் துண்டு, அதில் லத்தீனில்: நல்ல இயேசுவே, எங்கே இருந்தீர், என் காயங்களை ஆற்ற ஏன் வரவில்லை? கோயில் பீடத்தில், துறவிகளே வரையச் சொன்ன படத்தில் இதை எழுத முடிந்திருக்கிறது! இன்றைக்கு ஒரு கிறிஸ்தவப் படத்தில் யாராவது இப்படிக் கேட்டால் அடுத்த காட்சியிலேயே பதில் வந்துவிடும். முழங்காலில் நிற்பான், வயலின் ஒலிக்கும், போன வேலை திரும்பக் கிடைக்கும், கோபித்துக்கொண்டு போன மனைவி வாசலில் நிற்பாள். எடுத்தவருக்கே தெரியும், தன் வாழ்க்கையில் அப்படி நடக்கவில்லை என்று. தெரிந்தே எடுக்கிறார். எனக்குத் தாங்க முடியாதது அதுதான். 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, தொகுத்தவர்கள் கடைசியில் ஆறுதலாக ஒரு வரி சேர்க்கவில்லை. வேதத்துக்கு இல்லாத அவசரம் நமக்கு எதற்கு?

அப்புறம், கெட்ட வார்த்தை எத்தனை, சிகரெட் எத்தனை என்று எண்ணி மதிப்பெண் போடும் விமர்சகர்களோடு எனக்குப் பழைய சண்டை ஒன்று உண்டு, அது இன்னும் முடியவில்லை. பொய் அழுகையை அவர்கள் எண்ணுவதே இல்லை. ஒருவரும் திட்டாத, ஒருவரும் குடிக்காத, ஒருவரும் உண்மையாகப் பேசாத படத்துக்கு முழு மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் கலைஞர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. இந்தச் சரக்கைக் கேட்டு வாங்குவது நீங்களும் உங்களைப் போன்றவர்களும்தான். ரோமில் கார்மேல் சபைத் துறவிகளின் கோயிலுக்காக ஓவியர் காரவாஜ்ஜோ மரியாளின் மரணத்தை வரைந்தார். வீங்கிய உடம்பு, வெறுங்கால், சுற்றிலும் சொல்ல வார்த்தையில்லாமல் நிற்கும் சீடர்கள். துறவிகள் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். ஓவியர் ரூபன்ஸ் சொன்னதைக் கேட்டு 1607-ல் மான்டுவா பிரபு அதை வாங்கிக்கொண்டார், இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்குத் துறவிகள் கார்லோ சரசேனி என்ற ஓவியரிடம் வேறு படம் கேட்டார்கள். அவருடைய மரியாள் சாகவே இல்லை, உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறாள். அதுவும் அவர்களுக்குப் போதவில்லை, மேலே தேவதூதர் கூட்டம் வேண்டும் என்றார்கள். சரசேனி மறுபடி வரைந்து கொடுத்தார், அதைக் கோயிலில் மாட்டிவைத்தார்கள்.