நாகர்கோவிலில் அம்மாவோடு நடந்து சாப்பிட

அம்மாவுக்கு முழங்கால் வலி, சைவம் வேறு. நாகர்கோவில் தின்பண்டக் கடைகளைச் சுற்ற வழிகாட்டியோடு மூன்று மணிநேரம் நடக்க வேண்டுமே என்று தயங்கியிருக்கிறீர்கள். பயணத்தைக் கைவிட வேண்டாம். வடசேரி முதல் கோட்டாறு வரை முழுக்க நடத்திக் கூட்டிப்போகிறேன் என்று வழிகாட்டி சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது அம்மாவுக்கு அதிகம். மணிமேடை, வேப்பமூடு பக்கம் போதும், மீதிக்கு ஆட்டோ என்று முன்பே பேசிவிடுங்கள்.

ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடும் கடை முன்னால் கட்டாயம் நிற்க வேண்டும். கொதிக்கும் தேங்காயெண்ணெய்க்கு மேலேயே காயைச் சீவுவார்கள். பாதி வெந்ததும் ஒரு கரண்டி உப்புத் தண்ணீர் ஊற்ற, சட்டி சடசடவென்று பொங்கி அடங்கும். அந்தச் சூட்டில் நாலு துண்டு வாங்கி அம்மா கையில் கொடுங்கள், அந்த ருசி பாக்கெட்டில் வராது.

அப்புறம் ரசவடை, பழம்பொரி, முந்திரிக்கொத்து (பாசிப்பயறு, வெல்லம் சேர்த்த உருண்டை) எல்லாம் சைவம்தான். மரச்சீனிக்கிழங்குக்கு (மரவள்ளிக்கு) மீன்குழம்பு ஊற்றிவிடுவார்கள், தேங்காய்த் துவையல் தனியாகக் கேளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழமும் ஒரு சீப்பு வாங்குங்கள். விரல் நீளம்தான், மணம் அறை முழுக்க நிற்கும். அக்கானி (பதநீர்) மாலையில் கேட்காதீர்கள், அது காலையில் குடிக்க வேண்டியது.