டர்பனில் வாங்கிய பழைய வீடு: எந்த ரிப்பேரை நாமே செய்யலாம்?

கேள்வி: வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வந்து, அங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். கீசர் குழாயில் எப்போதும் தண்ணீர் சொட்டுகிறது. ஹாலில் மரத்தரை பெயர்ந்து வருகிறது. வேலி துருப்பிடித்துக் கிடக்கிறது. பிளம்பர் வந்து எட்டிப் பார்க்கவே தனியாகக் காசு கேட்கிறார். ஊரில் செய்வதுபோல எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ளலாமா?

பதில்:

பாதிக்கு மேல் நீங்களே செய்யலாம். எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இங்கே வங்கிக் கடனில் வீடு வாங்கினால் கட்டிடக் காப்பீடும் கூடவே வந்துவிடும். கீசர் உடைந்து சீலிங் நனைந்தால் பெரும்பாலும் அந்தக் காப்பீட்டில்தான் பணம் கேட்போம். அவர்கள் உடனே கேட்பது, "யார் மாட்டியது? சான்றிதழ் எங்கே?" என்றுதான். வீட்டை விற்கப் போனாலும் மின்சாரச் சான்றிதழ் வேண்டும், அதுவும் 2 வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் எனக்கு நானே ஒன்று கேட்டுக்கொள்வேன்: இந்த வேலைக்கு நாளைக்கு யாராவது கையெழுத்து கேட்பார்களா? கேட்பார்கள் என்றால் ஆளைக் கூப்பிடுவேன். மற்றதெல்லாம் நானே.

சரி, கீசருக்கு வருவோம். ஊரில் பாத்ரூம் சுவரில் தொங்கும் சின்ன ஹீட்டரைப் பார்த்துப் பழகிய நமக்கு இங்குள்ளது வேறு ரகம். சீலிங்குக்கு மேலே, கூரைக்குள் படுத்திருக்கும் தொட்டி அது. பல வீடுகளில் 150 லிட்டர், உள்ளே 3 கிலோவாட் எலிமென்ட். 20 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 7 யூனிட் மின்சாரமும் இரண்டே கால் மணி நேரமும் ஆகும். தொட்டி எப்போதும் அழுத்தத்தில் நிற்கும், இப்போது விற்பவற்றில் பெரும்பாலும் 400 கிலோபாஸ்கல். இதை எப்படி மாட்ட வேண்டும் என்று சான்ஸ் (SANS) 10254 என்ற தென்னாப்பிரிக்கத் தரவிதி இருக்கிறது. அழுத்த வால்வு, பாதுகாப்பு வால்வு, வெற்றிடம் உண்டாகாமல் காற்றை உள்ளே விடும் இரண்டு சின்ன வால்வுகள், தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு, தட்டிலிருந்து வெளியே போகும் குழாய், இவ்வளவும் இருக்க வேண்டும்.

உங்கள் குழாய் சொட்டுவது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். தண்ணீர் சூடானால் விரியும். 150 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60க்குச் சூடாக்கினால் இரண்டு லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீர் போக இடம் இல்லாமல் நிற்கும். அழுத்த வால்வு அதைத்தான் வெளியே விடுகிறது. அதனால் எந்தக் குழாய் சொட்டுகிறது, எப்போது சொட்டுகிறது, தண்ணீர் சூடா பச்சையா என்று முதலில் பாருங்கள். பிளம்பர் வந்தாலும் இதைத்தான் பார்க்கப் போகிறார்.

எல்லோரும் குளித்து முடித்த பிறகு, கீசர் சூடாகும் நேரத்தில் மட்டும் பச்சைத் தண்ணீர் சொட்டி, அப்புறம் நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள். கீழே ஒரு வாளி வைத்தால் செடிக்கு ஆகும். ராத்திரி பகல் பாராமல் பச்சைத் தண்ணீர் சொட்டினால் அழுத்த வால்வுக்குள் மண் சிக்கியிருக்கும், அல்லது அது தேய்ந்திருக்கும். பல வால்வுகளில் சின்ன வடிகட்டி ஒன்று உண்டு. டிபி போர்டில் (வீட்டின் மின்சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் பெட்டி) கீசர் சுவிட்சை இறக்கி, மெயின் குழாயை அடைத்து, சுடுதண்ணீர்க் குழாய் ஒன்றைத் திறந்து அழுத்தத்தை விட்ட பிறகு அதைக் கழற்றிக் கழுவலாம். அதோடு சரியானால் செலவே இல்லை. சரியாகாவிட்டால் புது வால்வுதான், அதை மாட்டப் பதிவுபெற்ற பிளம்பரையே கூப்பிடுங்கள். பிஐஆர்பி என்ற பிளம்பிங் வாரியத்தில் பதிவு செய்தவர் என்றால் அதன் சான்றிதழும் கிடைக்கும்.

கொதிக்கும் தண்ணீரோ ஆவியோ வருகிறதா? அது பாதுகாப்பு வால்விலிருந்து வருகிறது, தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்தவில்லை என்று அர்த்தம். உடனே டிபி போர்டில் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தட்டிலிருந்து வரும் தடித்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் வந்தால் தொட்டியோ அதன் இணைப்போ கசிகிறது. தட்டு நிரம்புவதற்குள் காப்பீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது. சொட்டு தொல்லை தாங்காமல் குழாய் வாயில் மூடி போட்டு அடைத்துவைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள். வெளியே போகிற வழியை அடைத்தால் அழுத்தம் முழுவதும் தொட்டியில்தான் ஏறும்.

தெர்மோஸ்டாட்டைத் திருகி 70ல் இருப்பதை 60க்குக் கொண்டுவந்தால் மின் கட்டணம் குறையும். ஆனால் அந்த மூடிக்குள் கரண்ட் வரும் முனைகள் இருக்கின்றன. டிபியிலும் கீசருக்குப் பக்கத்தில் உள்ள சுவிட்சிலும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து உறுதி செய்யாமல் கழற்ற வேண்டாம். பழக்கம் இல்லையென்றால் எலெக்ட்ரீஷியன் அடுத்த முறை வரும்போது செய்யச் சொல்லுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று 50க்குக் கீழே இறக்கவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற கிருமி வளரும்.

இந்த ஊருக்கென்றே இன்னொன்று. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு தொங்காட்டில் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லை. டர்பனின் மற்ற பகுதிகளிலும் தண்ணீர் நின்று நின்று வருவது புதிதில்லை. நின்ற தண்ணீர் திரும்ப வரும்போது சேறும் காற்றும் சேர்ந்து வரும். முதலில் தோட்டத்துக் குழாயைத் திறந்து தெளிவாகும்வரை ஓடவிடுங்கள், அப்புறம் வீட்டுக்குள் உள்ள குழாய்களைத் திறக்கலாம். அழுத்த வால்வில் இருக்கும் வடிகட்டி அடைபடுவது இதனால்தான். என் பக்கத்து வீட்டுத் தாத்தா நகராட்சியில் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முக்கால்வாசி இங்கிலீஷில்தான் பேசுவார், வேலை என்று வந்தால் தமிழ் வந்துவிடும். "தம்பி, தண்ணி எங்க நிக்கும்னு பாத்து வச்சுக்கோ, மத்ததெல்லாம் அப்புறம்" என்பார். மெயின் குழாய் அடைக்கும் இடத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டிவையுங்கள். அது வருடக்கணக்கில் திருப்பப்படாமல் இறுகியிருந்தால் பலம் போட்டுத் திருக வேண்டாம், தண்டு உடைந்தால் அன்றைக்குத் தெருவே உங்கள் வீட்டு வாசலில் நிற்கும்.

கசிவைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ போகிறது. மீட்டருக்கு இந்தப் பக்கம் கசிந்தால் உங்கள் செலவு, அந்தப் பக்கம் என்றால் டர்பனை நிர்வகிக்கும் ஈத்தெக்வீனி நகராட்சி பார்க்க வேண்டும். பெரும்பாலும் திருடன் ஃப்ளஷ் டேங்க்தான். கேசரிக்குப் போடும் கலர் பொடி ஒரு சிட்டிகை டேங்கில் போட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. அதை மாற்ற யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, குழாய் வாஷரும் அப்படித்தான்.

மின்சாரத்தில் என் எல்லை ரொம்பச் சின்னது. பல்பு மாற்றுவேன், அயர்ன்பாக்ஸ் வயருக்குப் புது பிளக் போடுவேன், டிபி போர்டில் எர்த் லீக்கேஜ் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பேன். 30 மில்லிஆம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாக விழுந்து கரண்டை நிறுத்த வேண்டிய சுவிட்ச் அது. பொத்தானை அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றைக்கே எலெக்ட்ரீஷியன். சுவருக்குள் போகிற எந்த வயரும் சான்றிதழ் சம்பந்தப்பட்டது. கேஸ் குழாயும் அதே கதை. ஆள் தேவைப்படும் வேலைகளை நவம்பருக்குள் முடித்துவிடப் பாருங்கள். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி வரை கட்டிட வேலைக்காரர்கள் எல்லோருக்கும் விடுமுறை. ஈஸ்டர் சமயத்திலும் ஆள் கிடைப்பது கஷ்டம். எங்கள் பக்கத்துப் பிளம்பர் புனித வெள்ளி அன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில்தான் இருப்பார்.

தரைக்கு வருகிறேன். பழைய வீடுகளில் மரக்கட்டைத் துண்டுகளைக் கறுப்புத் தார்ப்பசையில் ஒட்டியிருப்பார்கள். கட்டை பெயர்ந்தால் பெரும்பாலும் அடியில் ஈரம் இருக்கும். ஹாலுக்குப் பக்கத்துச் சுவரில் பாத்ரூம் இருக்கிறதா, மழைத்தண்ணீர் வெளிச்சுவர் ஓரம் தேங்குகிறதா என்று பார்த்து அதை நிறுத்தாமல் மறுபடி ஒட்டினால் அடுத்த மழைக்கே எழும்பும். ஈரம் நின்ற பிறகு கட்டைகளுக்குச் சாக்பீஸால் எண் போட்டு எடுத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டலாம். சுவர் ஓரத்தில் விரலளவு இடைவெளி விடுங்கள், கடற்கரை ஊர்க் காற்றில் மரம் உப்பும். கட்டையில் வட்டமான சின்னத் துளைகளும் மாவு மாதிரித் தூளும் தெரிந்தால் அது வண்டு. கூரை மரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தக் கடலோரப் பகுதியில் வீடு விற்கும்போது வண்டுச் சான்றிதழ் கேட்பது வழக்கம்.

கூரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் 2008ல்தான் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய வீட்டுக் கூரைத் தகடு, மழைநீர்க் குழாய், பழைய வினைல் தரை, அதன் அடியில் உள்ள கறுப்புப் பசை எதிலும் அது இருக்கலாம். துளை போடாதீர்கள், தேய்க்காதீர்கள், பிரஷர் வாஷர் அடிக்காதீர்கள். சும்மா கிடக்கும்வரை ஆபத்து குறைவு, தூள் பறந்தால்தான் நுரையீரலுக்குக் கேடு. எடுக்க வேண்டும் என்றால் அதற்கென்று பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

வேலி முழுக்க முழுக்க உங்கள் வேலை. கடல் உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் போகும். கம்பிப் பிரஷால் துருவைச் சுரண்டி, துருமாற்றி (ரஸ்ட் கன்வர்ட்டர்) தடவி, துத்தநாகப் பிரைமர் ஒரு கோட், மேலே பெயின்ட் இரண்டு கோட். ஜூன், ஜூலையில் செய்தால் மழைத் தொந்தரவு குறைவு. தூண்களுக்கு நடுவே செருகிய கான்கிரீட் பலகைச் சுவர் என்றால் உடைந்த பலகையை மட்டும் தூக்கிவிட்டு வேறு போடலாம். கனம் அதிகம், தனியாக இறங்க வேண்டாம். மின்வேலி இருந்தால் அதற்குத் தனிச் சான்றிதழ் உண்டு, அதில் கை வைக்க வேண்டாம். சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் சரிவும்தான், மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர் உங்கள் வேலியோடு சேர்ந்திருந்தால் அதில் உள்ள தண்ணீர்த் துளைகளில் அடைத்த மண்ணைக் குத்தி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சுவரில் விரிசலோ சாய்வோ தெரிந்தால் பொறியாளரைக் காட்ட வேண்டும். பெயின்ட் வாங்கும் முன் வேலி யாருடைய எல்லையில் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்காவிடமோ அண்ணனிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பாதிச் செலவை அவர்களே ஏற்றுக்கொள்ளவும் கூடும்.