அம்மாவின் ஊரில் நமக்கு இடம் உண்டா? ஜப்பான் பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

எனக்கு அம்மா ஜப்பான், அப்பா தமிழ்நாடு. 1980ல் பிறந்து தமிழ்நாட்டிலேயே படித்து வளர்ந்தேன். 2006ல் அம்மாவின் ஊருக்கு, நகானோ மாகாணத்தில் ஒரு கிராமத்துக்கு, பாட்டியைப் பார்த்துக்கொள்ள வந்தேன். இன்றும் இங்கேதான் இருக்கிறேன். நம்மைப் போன்ற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அடிக்கடி கேட்பவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி: என் மனைவி ஜப்பானியர். மகன் போன மாதம் இந்தியாவில் பிறந்தான். ஜப்பான் குடியுரிமை வேலையை ஆறு மாதம் கழித்துச் செய்யலாமா?

தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பிறந்த 3 மாதத்துக்குள் ஜப்பான் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் படிவத்தில் "ஜப்பான் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்கிறோம்" என்ற இடத்தில் கையெழுத்தும் போட வேண்டும். வெளிநாட்டில் பிறந்து, பிறப்பாலேயே இன்னொரு குடியுரிமையும் கிடைக்கும் குழந்தைக்கு இது கட்டாயம். தவறினால் பிறந்த நாளிலிருந்தே ஜப்பான் குடியுரிமை இல்லாமல் போய்விடும். 18 வயதுக்குள் ஜப்பானில் குடியிருந்தால் விண்ணப்பித்துத் திரும்பப் பெற வழி உண்டு. ஆனால் அதற்காகக் குடும்பத்தோடு இடம் மாற வேண்டியிருக்கும்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 1984 வரை ஜப்பான் குடியுரிமை அப்பா வழியாக மட்டுமே வந்தது. 1985 ஜனவரி முதல் தேதிதான் அம்மா வழியாகவும் உண்டு என்று சட்டம் மாறியது. அதற்கு முன் பிறந்த என்னைப் போன்றவர்களுக்கு 1987 முடிய, 3 ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அம்மாவின் நாட்டுக்கு நான் விசா வாங்கித்தான் வந்தேன். "ஜப்பானியரின் பிள்ளை" என்ற வகையில் விசா கிடைத்தது, பிறகு நிரந்தரக் குடியிருப்பும் கிடைத்தது. ஆனாலும் விமான நிலையத்தில் அம்மா ஒரு வரிசையிலும் நான் வேறு வரிசையிலும் நின்றது இன்னும் மனசில் இருக்கிறது.

இன்னொன்று. பையன் பெயர் உங்கள் மனைவியின் கொசெகியில், அதாவது குடும்பப் பதிவேட்டில், அவருடைய குடும்பப் பெயரோடு ஏறும். நீங்கள் வெளிநாட்டவர் என்பதால் உங்களுக்கென்று கொசெகி கிடையாது. கணவர், தகப்பனார் என்ற குறிப்பாக மட்டும் அதில் இருப்பீர்கள். அது வருத்தம் தந்தால் முன்கூட்டியே இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு குடியுரிமையையும் கடைசிவரை வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். ஜப்பான் சட்டப்படி, பிறப்பிலிருந்தே இரண்டும் உள்ளவர் 20 வயதுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன் அது 22 ஆக இருந்தது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதே இல்லை. ஜப்பானைத் தேர்ந்தெடுத்தால் இந்தியாவுக்கு ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொள்ளலாம். அது ஆயுளுக்கும் செல்லும் விசா மாதிரி. ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

கேள்வி: அக்கா, எனக்கு 19 வயது. அம்மா நாட்டில் படிக்கிறேன். எவ்வளவு நன்றாகப் பேசினாலும் "நிஹோங்கோ ஜோசு", அதாவது "ஜப்பானிய மொழி அருமை", என்கிறார்கள். ஒருவர்கூட என்னை இந்த ஊர்க்காரன் என்று நினைப்பதில்லை.

தம்பி, இதைப் படித்தவுடன் என் முதல் இரண்டு வருஷம் கண்முன் வந்தது. தபால் நிலையத்தில் நன்றி சொன்னால்கூட "ஜப்பானிய மொழி அருமையாகப் பேசுகிறீர்களே" என்பார்கள். பாராட்டத்தான் சொல்கிறார்கள். ஆனால் நம்மை வெளியாள் என்று முடிவு செய்த பிறகுதான் அந்தப் பாராட்டு வருகிறது. அதனால்தான் வலிக்கிறது. உனக்குத் தொட்டாற்சிணுங்கி மனசு என்று யாராவது சொன்னால் நம்பாதே.

எனக்கு உதவிய ஒன்றைச் சொல்கிறேன். "எந்த நாடு?" என்று கேட்டால் முதலில் நாட்டின் பெயரைச் சொல்லாதே, அம்மாவின் ஊரைச் சொல். "ஹஹா கா நகானோ நோ ஷுஷ்ஷின் தே", அதாவது "அம்மாவுக்கு நகானோதான் சொந்த ஊர்". இங்கே சொந்த ஊர் என்று ஆரம்பித்துவிட்டால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். நகானோவில் எங்கே, அங்கே பனி அதிகமா, பாட்டி இருக்கிறாரா என்று கேட்பார்கள். எல்லோரும் அப்படி இல்லை, ஆனால் நிறையப் பேர்.

அப்புறம், ஏதாவது பெரிதாகச் சாதித்துவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள் என்று உன்னையே விரட்டாதே. 2021 டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் தீபம் ஏற்றியவர் நவோமி ஒசாகா. அவர் அப்பா ஹெய்ட்டிக்காரர். ஜப்பான் கொடியை ஏந்தி வந்த இருவரில் ஒருவர் ருய் ஹச்சிமுரா. அவர் அப்பா பெனின் நாட்டவர். பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் 2015ல் மிஸ் யூனிவர்ஸ் ஜப்பானாக அரியானா மியாமோட்டோவையும், மறு வருஷம் மிஸ் வேர்ல்ட் ஜப்பானாக இந்திய வம்சாவளி பிரியங்கா யோஷிகாவாவையும் தேர்ந்தெடுத்தபோது, "இவர்கள் சுத்தமான ஜப்பானியர் இல்லையே" என்ற பேச்சும் எழுந்தது. ஜெயித்தவர்களையே கேட்டார்கள். எதிரே வருகிற ஒவ்வொருவர் வாயாலும் "நீ எங்கள் ஆள்" என்று கேட்டுத்தான் தீர வேண்டும் என்றால் உனக்கு ஆயுள் போதாது. உன்னைத் தேடுகிற பத்துப் பேர் எங்கே கிடைப்பார்கள் என்று பார். விளையாட்டுக் குழுவோ, கோயில் திருவிழாவில் சாமிப் பல்லக்குத் தூக்குகிறவர்களோ, வாரம் தவறாமல் கூடுகிற எந்த இடமானாலும் சரி.

கேள்வி: "ஹாஃபு" என்ற சொல் அவமரியாதையா?

பெற்றவர்களில் ஒருவர் மட்டும் ஜப்பானியராக உள்ள நம்மைப் போன்றவர்களை இப்படி அழைப்பார்கள். பாதி என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. பெரும்பாலோர் கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொல்கிறார்கள். நம்மிலேயே பலர் தங்களை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள். சில பெற்றோர் அதற்குப் பதிலாக "தபுரு", அதாவது இரட்டை, என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் மனசு ஒட்டவில்லை. உங்கள் பிள்ளை எதைச் சொல்கிறதோ அதையே நீங்களும் சொல்லுங்கள்.

கேள்வி: மகளுக்குச் சுருட்டை முடி, கொஞ்சம் பழுப்பு. உயர்நிலைப் பள்ளியில் கறுப்புச் சாயம் பூசச் சொல்வார்களா?

முன்பு அப்படிச் சொன்ன பள்ளிகள் உண்டு. பிறவியிலேயே முடி இப்படித்தான் என்று பெற்றோர் எழுதித் தரும் "ஜிகே" சான்று கேட்ட பள்ளிகளும் உண்டு. டோக்கியோ மாநகர அரசின் உயர்நிலைப் பள்ளிகள் 2022 ஏப்ரலோடு கறுப்பு முடிக் கட்டாயத்தைக் கைவிட்டன. மற்ற இடங்களில் பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. சேர்ப்பதற்கு முன் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சாயம் பூசித்தான் ஆக வேண்டும் என்றால் வேறு பள்ளி பாருங்கள். காலையில் கண்ணாடி முன் தன் முடியைத் தப்பென்று நினைக்கிற பழக்கம் வந்துவிட்டால் லேசில் போகாது.

கேள்வி: டோக்கியோவில் இந்தியர்கள் அதிகமுள்ள நிஷி-கசாயில் குடியேறலாமா, மனைவியின் ஊருக்கே போகலாமா?

சின்னக் குழந்தைகள் என்றால் முதலில் நிஷி-கசாய். ஆனால் கோடை விடுமுறைக்கு ஒவ்வொரு வருஷமும் பாட்டி ஊருக்கு அனுப்புங்கள், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: உங்களுக்கு இது சொந்த ஊர் என்று எப்போது தோன்றியது?

இங்கே "கைரன்பான்" என்று ஒன்று உண்டு. ஊர் அறிவிப்புகளைக் கவ்விய அட்டை அது. மேலே ஒரு தாளில் வீட்டுப் பெயர்கள் கட்டம் கட்டமாக இருக்கும். படித்துவிட்டு நம் கட்டத்தில் முத்திரை குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். பல வருஷம் பாட்டியின் கட்டத்தில் பாட்டியின் முத்திரையைத்தான் நான் குத்தினேன். நடுவில் கால்வாய் தூர்வாரும் நாளில் மண்வெட்டி பிடித்தேன், குப்பை சேகரிக்கும் இடத்தை முறை வரும்போது கழுவினேன், ஆகஸ்டில் அத்தனை பேரோடும் போய்க் கல்லறையைத் தேய்த்துக் கழுவினேன்.

பாட்டி போன பிறகு வந்த முதல் அட்டையில் அவர் கட்டம் காலியாக இருக்கும் என்று பயந்துகொண்டே எடுத்தேன். பாட்டி பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் என் பெயரை, வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கதகானா எழுத்தில் எழுதியிருந்தார்கள். இடம் போதாமல் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக் கட்டத்துக்குள் போயிருந்தது. என்னிடம் முத்திரை இல்லை. பேனாவால் கையெழுத்துப் போட்டு, அழுது முடித்துவிட்டு, அட்டையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.