நடக்கும் ஆய்வைக் கெடுக்காமல் நம்பை 2-க்கு மாறுவது எப்படி?

லினக்ஸ் சர்வரில் நம்பை (NumPy, பைதான் மொழியில் எண் கணக்குகளுக்கான நிரல் தொகுப்பு) 1.26-இலிருந்து 2-க்கு மாற வேண்டும், பாதுகாப்பான வழி எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழையதன் மேலேயே நிறுவாதீர்கள். புதியதற்குத் தனி பைதான் சூழல் (virtual environment) உருவாக்குங்கள். 2024-இல் வந்த 2.0, பைனரி இடைமுகத்தை (கம்பைல் செய்த மாட்யூல்கள் நம்பையோடு இணையும் விதத்தை) மாற்றிவிட்டது. 1.26-க்குக் கம்பைல் செய்த மாட்யூல்கள் இதில் ஓடாது. அது பரவாயில்லை, பிழைச்செய்தி கண்ணில் படும், மறுபடி கம்பைல் செய்தால் சரி.

எனக்குப் பெரிய கவலை சத்தமில்லாமல் வரும் மாற்றம்தான். நம்பையின் 32 பிட் தசம எண் ஒன்றோடு பைதானின் வெறும் 3.0-ஐக் கூட்டினால் முன்பு 64 பிட் விடை வரும். இப்போது 32 பிட்தான். எச்சரிக்கையே வராது, துல்லியம் மட்டும் குறையும்.

அதனால் விடை தெரிந்த பழைய கணக்கு ஒன்றை இரு சூழல்களிலும் ஓட்டி, அனுமதிக்கத்தக்க வேறுபாட்டு அளவு வைத்து ஒப்பிடுங்கள். அப்புறம் மாறலாம். ஆய்வுக் கட்டுரை வெளியாகும்வரை பழைய சூழலை அழிக்க வேண்டாம்.